ஒரு பெயரும் பல பதிப்புக்களும்: டெபியன் தொகுப்பிற் பைதன் மொழி

கணினியின் வரலாற்றை எழுதப் புகுவோர் புதிய பொறிகளையும் அவற்றை ஆக்கிய அறிஞரையும் பற்றியே பெரிதும் பேசுவர். அப்பொறிகளில் இடப்பெறும் மென்பொருள்கள் எவ்வாறு ஒழுங்குபடுத்தப்பட்டன, பழைய பதிப்பும் புதிய பதிப்பும் ஒருங்கே இருக்கவேண்டி நேர்ந்தவிடத்து யாது செய்யப்பட்டது என்னும் வினாக்கள் அத்துணை ஆராயப்படுவதில்லை. கோயிலைக் கட்டுவித்தவனுக்குக் கல்வெட்டு உண்டு. அதன் பண்டசாலையைப் பேணியவனுக்கு இல்லை. ஆயினும் பண்டசாலையின் வரலாறும் வரலாறே. பைதன் என்னும் நிரல்மொழியின் ஒவ்வாத இரு பதிப்புக்கள் ஒரே பொறியில் வாழவேண்டிய நெருக்கடி, லினக்ஸ் உலகிலே 2008 ஆம் ஆண்டு தொடக்கம் ஏறத்தாழப் பதினைந்து ஆண்டுகள் நிலவியது. டெபியன் என்னும் லினக்ஸ் தொகுப்பு அந்நெருக்கடியை எதிர்கொண்ட வகையை நோக்கின், இரு பதிப்புக்களை அருகருகே வைப்பது அரிய செயலன்று என்பதும், அவ்விரண்டுக்கும் பொதுவான பெயர் எதற்கு உரியது என்பதே நெடுங்கால வழக்காக இருந்தது என்பதும் புலனாகும்.

லினக்ஸ் என்னும் இயங்குதளக் கருவினை, ஹெல்சிங்கிப் பல்கலைக்கழக மாணவராயிருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991 ஆம் ஆண்டில் வெளியிட்டார். கரு மட்டும் பயன்படுத்துவோனுக்கு உதவாது. கட்டளை நிரல்களும், எழுது கருவிகளும், மொழிகளும், அவை வேண்டும் துணைநிரல்களும் அதனோடு சேரல் வேண்டும். இவற்றைத் திரட்டி ஒழுங்குசெய்து வழங்குவனவே லினக்ஸ் தொகுப்புக்கள். அவற்றுள் ஒன்றாகிய டெபியனை இயன் மேர்டொக் 1993 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதத்தில் அறிவித்தார். அதன் பெயர் டெப்ரா என்னும் தம் துணைவியின் பெயரையும் இயன் என்னும் தம் பெயரையும் கூட்டி அவர் அமைத்தது.

இத்தகைய தொகுப்புக்களின் அடிப்படை அலகு பொதி எனப்படும். ஒரு மென்பொருளின் கோப்புக்கள் யாவற்றையும், அது தொழிற்படுதற்கு வேறெவை வேண்டும் என்னும் குறிப்பையும் ஒருங்கே கட்டிய கட்டே பொதி. டெபியனிற் பொதிகளை இடவும் எடுக்கவும் பயன்படும் டிபிகேஜி என்னும் கருவியை இயன் ஜாக்சன் 1994 இல் திருத்தி எழுதினார். வேண்டிய பொதிகளைத் தேடிக் கொணரும் ஏபிரி என்னும் கருவி 1999 இல் வந்த டெபியன் 2.1 உடன் சேர்ந்தது. இம்முறைமை இரு பொதுவிதிகளின்மேல் நிற்கின்றது. ஒரு கோப்பு ஒரு பொதிக்கே உரியது; ஒரு பெயருடைய பொதியில் ஒரு காலத்தில் ஒரு பதிப்பே பொறியில் இருக்கலாம். இவ்விதிகளால் விளையும் நன்மை பெரிது. ஒரு துணைநிரலிற் பிழை கண்டால் அதனை ஓரிடத்தில் திருத்தினாற் போதும். அதனை வேண்டும் ஆயிரம் நிரல்களும் திருத்தம் பெறும். ஆனால் ஒரு நிரல் பழைய பதிப்பையும் வேறொரு நிரல் புதிய பதிப்பையும் வேண்டிநின்றால், அதே விதி இடர்ப்பாடாக மாறிவிடும். நிரல்மொழிகளிடத்தே இவ்விடர் ஏனையவற்றினும் மிகுதி. ஏனெனில் ஒரு மொழியின் தலைமேல் எத்தனையோ நிரல்கள் அமர்ந்திருக்கின்றன.

பைதன் மொழி ஆம்ஸ்ரர்டாம் நகரிலுள்ள கணித, கணினி ஆய்வு நிலையமொன்றில் கைடோ வான் ரொசம் என்பவரால் ஆக்கப்பட்டு, 1991 பெப்ரவரியில் முதன்முதல் வெளிவந்தது. அதன் இரண்டாம் பெரும் பதிப்பு 2000 ஒக்ரோபரில் தோன்றியது. எளிதிற் கற்கத்தக்க மொழியாதலின் அதனைப் பயனாளர் மட்டுமன்றித் தொகுப்புக்களை ஆக்குவோரும் விரும்பிக் கையாண்டனர். ரெட் ஹற் நிறுவனத்தார் தம் தொகுப்பைப் பொறியில் நிறுவும் நிரலைப் பைதனிலே எழுதினர்; அவர்களது தொகுப்பிற் பொதிகளைக் கையாண்ட யம் என்னும் கருவியும் பைதனில் எழுதப்பட்டதே. டெபியனிலும் அதன் வழிவந்த உபுண்டுவிலும் பல நிர்வாகக் கருவிகள் அம்மொழியில் உள்ளன. ஆகவே பைதன் வீட்டுக்கு வந்த விருந்தாக இருந்த நிலை மாறி, வீட்டைத் தாங்கும் தூணாயிற்று. இதனை மறந்தோர் பிற்காலத்தில் அடைந்த துன்பம் கொஞ்சமன்று.

இரு பதிப்புக்களை ஒரே பொறியில் வைப்பதற்கு டெபியன் கண்ட வழி மிக எளியது. பதிப்பின் எண்ணைப் பொதியின் பெயரிலேயே சேர்த்துவிடின், ‘பைதன்2.1’, ‘பைதன்2.2’ என்பன இரு வேறு பொதிகளாகிவிடும். அவற்றின் கோப்புக்களும் வேறு வேறு அடைவுகளிற் கிடக்கும். விதி மீறப்படவில்லை. 2002 இல் வந்த டெபியன் 3.0 வெளியீட்டிலேயே 1.5, 2.1, 2.2 ஆகிய பைதன் பதிப்புக்கள் ஒருங்கே இருந்தன, அவற்றுள் 2.1 இயல்பான பதிப்பாகக் கொள்ளப்பட்டது. ஒரு நூலின் பல பதிப்புக்களை நூலகத்தில் வரிசையாக அடுக்கிவைப்பது போன்றதே இது.

எனின், இடர் எங்கே தோன்றியது? நூலகத்துக்கு வந்து பதிப்பைக் கூறாது நூலின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்பவனுக்கு எதனை எடுத்துக் கொடுப்பது என்பதிலே தோன்றியது. பைதனில் எழுதப்பட்ட நிரலொன்றின் முதல் வரியில், தன்னைப் படித்து நடத்தவேண்டிய நிரல் எங்குள்ளது என்பது எழுதப்பட்டிருக்கும். பல்லாண்டுகளாக அவ்வரியில் ‘/யூஎஸ்ஆர்/பின்/பைதன்’ என்று எண்ணின்றியே எழுதிவந்தனர். அவ்விடத்திலே கோப்பு ஒன்றுதான் இருக்க இயலும். டெபியனில் அது இயல்பான பதிப்பைச் சுட்டும் ஓர் இணைப்பாக இருந்தது.

இத்தகைய பொதுப்பெயர்களை ஆளுதற்கு டெபியனில் ஏற்கெனவே ஒரு கருவி உண்டு. அப்டேட்-ஓல்ற்றர்நேற்றிவ்ஸ் எனப்படும் அக்கருவி, பொதுப்பெயரை ஓர் இணைப்பாக்கி, அவ்விணைப்பு பல பொதிகளுள் எதனைச் சுட்டவேண்டும் என்பதை நிர்வாகியின் விருப்புக்கு விடுகின்றது. ‘எடிற்றர்’ என்று கட்டளையிட்டால் எந்த எழுது கருவி திறக்கவேண்டும் என்பதை இவ்வாறு தெரிந்துகொள்ளலாம். ஜாவா மொழியின் பதிப்புக்களும் இவ்வழியாலேயே தெரியப்படுகின்றன. ரூபி மொழிக்கும் 2013 இல் வந்த டெபியன் 7 வெளியீட்டில் இம்முறை கையாளப்பட்டுப் பின்னர் கைவிடப்பட்டது. பைதனை ஆளுதற்கும் இதுவே தக்கது எனப் பலர் எண்ணினர்; இன்றும் எண்ணுவோர் உளர். டெபியனின் பைதன் பொதிகளைப் பேணுவோர் இதனை ஒருபோதும் ஏற்றாரல்லர்.

அவர்கள் மறுத்தமை பிடிவாதத்தாலன்று. எழுது கருவியை மாற்றினால் அதன் பயனும் பாதிப்பும் மாற்றியவனையே சாரும். பைதன் என்னும் பெயரை மாற்றினால், அப்பெயரை முதல் வரியிற் கொண்ட தொகுப்பின் நிரல்கள் யாவும் ஒரே கணத்தில் வேறு மொழிப்பதிப்பின் கைக்குச் சென்றுவிடும். அந்நிரல்கள் இயல்பான பதிப்போடு ஆராயப்பட்டவை. அவற்றுக்கு வேண்டிய துணைநிரல்களும் அதற்கெனவே ஆக்கப்பட்டவை. ஆதலால் அப்பெயர் நிர்வாகியின் விருப்பமன்று, பொதிகளுக்கிடையே உள்ள உடன்படிக்கை என்பது அவர்களது நிலைப்பாடு. உபுண்டு 18.04 இல் நிகழ்ந்ததொன்று இதனைத் தெளிவாக்கும். 2018 இல் வந்த அவ்வெளியீட்டின் இயல்பான பதிப்பு 3.6. புதிய 3.7 ஐ விரும்பிய பயனாளர் சிலர் ‘பைதன்3’ என்னும் பெயரை அதன்பால் திருப்பினர். உடனே, கட்டளைகளைத் தட்டெழுதும் சாளரமே திறக்க மறுத்தது. அச்சாளரத்தைத் தொடக்கும் சிறுநிரல் பைதனில் எழுதப்பட்டிருந்தது. அது வேண்டிய துணைநிரல் 3.6 க்கென மட்டுமே ஆக்கப்பட்டிருந்தது. செய்த மாற்றத்தை மீட்கக் கட்டளை இடவேண்டும்; கட்டளை இடச் சாளரம் இல்லை. பெட்டியைப் பூட்டித் திறவுகோலை அதனுள் இட்டவன் நிலையே அவர்களதும்.

பெயருக்கு அடுத்த வழக்கு துணைநிரல்களைப் பற்றியது. இதிலேதான் இவ்வரலாற்றின் சுவையான பகுதி உள்ளது. பைதன் ஒரு துணைநிரலை முதன்முறை படிக்கும்போது, மறுமுறை விரைந்து படித்தற்பொருட்டு அதன் மாற்றுருவொன்றை எழுதி, மூலக் கோப்பின் அருகிலேயே வைத்துவிடும். இம்மாற்றுரு பதிப்புக்குப் பதிப்பு வேறுபடும். ஆனால் அதன் கோப்புப் பெயர் ஒன்றே. ஆகவே 2.5 எழுதியதை 2.6 ஏற்காது, 2.6 எழுதியதை 2.5 ஏற்காது. மூலம் இரண்டுக்கும் பொதுவாயிருந்தும் அதனை ஓரிடத்தில் வைத்துப் பகிர வழியில்லை. இதற்கென டெபியனில் 2006 அளவில் பைதன்-சப்போர்ட், பைதன்-சென்ட்ரல் என இரு கருவிகள் ஒன்றற்கொன்று போட்டியாக எழுந்தன. மூலக் கோப்பை ஓரிடத்தில் வைத்து, ஒவ்வொரு பதிப்பின் அடைவிலும் அதனைச் சுட்டும் இணைப்புக்களை ஆயிரக்கணக்கில் நட்டு, அவ்விணைப்புக்களின் அருகே அவ்வப்பதிப்பின் மாற்றுருக்களை எழுதுவதே அவற்றின் வழி. வேலை நடந்தது, ஆனால் அவ்விணைப்புக் காட்டிலே ஒன்று முறிந்தால் அதனைத் தேடுவது எளிதன்று. ஒரே தொகுப்பில் ஒரே வேலைக்கு இரு கருவிகள் இருந்தமை பேணுவோரிடையே பிணக்குக்கும் இடமாயிற்று.

இதற்குத் தீர்வு தொகுப்பிலன்றி மொழியிலே காணப்பட்டது. உபுண்டுவை ஆக்கும் கனோனிக்கல் நிறுவனத்தில் அப்போது பணியாற்றியவரும் பைதன் மொழியை வளர்த்தோருள் ஒருவருமாகிய பரி வோர்சோ, 2010 ஆம் ஆண்டு தொடக்கத்தில் பெப் 3147 என்னும் முன்மொழிவை ஆய்வுக்கு முன்வைத்தார். பெப் என்பது பைதன் மொழியிற் செய்யவேண்டிய மாற்றங்களை எழுதி ஆராயும் ஆவண வரிசை. மாற்றுருக்களை மூலத்தின் அருகே வையாது தனியொரு சிற்றடைவில் இடுதல், ஒவ்வொன்றின் பெயரிலும் அதனை எழுதிய பதிப்பின் அடையாளத்தைச் சேர்த்தல் என்னும் இரண்டுமே அதன் சாரம். அடுத்து வந்த பெப் 3149, சி முதலிய மொழிகளில் எழுதிப் பொறிமொழிக்கு மாற்றப்பட்ட துணைநிரல்களுக்கும் அத்தகைய அடையாளத்தை வகுத்தது. 2011 பெப்ரவரியில் வெளிவந்த பைதன் 3.2 இவ்விரண்டையும் ஏற்றது. அதன் பின்னர் டெபியனில் மூன்றாம் தலைமுறைப் பைதனின் பதிப்புக்கள் யாவும் ஒரே அடைவைப் பகிர்ந்துகொண்டன. இணைப்புக் காடு வேண்டாதொழிந்தது. பொதி கட்டுவோரின் தேவை ஒரு மொழியின் அமைப்பையே மாற்றியதற்கு இஃது அரிய சான்று. இம்மாற்றத்தின் பயனை நாள்தோறும் நுகர்வோருட் பெரும்பாலார், அது தொகுப்புக்களின் பொருட்டு எழுந்தது என்பதை அறியார்.

இதற்கிடையே பெரும் பிளவு நேர்ந்துவிட்டது. 2008 டிசெம்பரில் வெளிவந்த பைதன் 3.0, முன்னைய பதிப்புக்களோடு ஒத்துப்போதல் வேண்டும் என்னும் கட்டுப்பாட்டை வேண்டுமென்றே கைவிட்டது. அச்சிடும் கட்டளையின் இலக்கணம் மாறியது. ஐந்தை இரண்டால் வகுத்தால் இரண்டாம் பைதன் 2 என்று விடை கூறும். மூன்றாம் பைதன் 2.5 என்று கூறும். இலக்கணம் மாறிய இடத்தில் பழைய நிரல் நின்றுவிடும். நின்றதைக் கண்டு திருத்தலாம். பொருள் மாறிய இடத்தில் அது நில்லாது பிழையான விடையோடு மேலே செல்லும். இரண்டாவதே அஞ்சத்தக்கது.

எழுத்துக்களைப் பற்றிய மாற்றம் தமிழ் எழுதுவோர்க்கு நேரே உரியது. இரண்டாம் பைதனில் சாதாரண எழுத்துச்சரம் என்பது பைட்டுக்களின் வரிசையே. யூ.ரி.எப்-8 முறையில் எழுதிய ‘தமிழ்’ என்னும் சொல்லின் நீளத்தைக் கேட்டால் 15 என்று விடை வரும். மூன்றாம் பைதனில் எழுத்துச்சரம் ஒருங்குறியின் வரிசையாதலால் விடை 5. தகரம், மகரம், இகரக் குறி, ழகரம், புள்ளி என ஐந்து குறிகள் எண்ணப்படுகின்றன. தமிழிலக்கணம் மூன்றெழுத்தே என்று கூறும். அவ்வளவிற்கு மூன்றாம் பைதனும் வரவில்லை. ஆயினும் பதினைந்திலிருந்து ஐந்துக்கு வந்தமை முன்னேற்றம் என்பதில் ஐயமில்லை. பிளவு வேண்டாத கேடு என்று முறையிட்டோருட் பலர் ஆங்கில எழுத்தோடு மட்டும் பழகியோராதலின் இந்நன்மையை எடைபோடவில்லை.

2.1 க்கும் 2.2 க்கும் இடையே செய்ததுபோல் இங்குச் செய்ய இயலாது என்பதை டெபியனார் விரைவில் உணர்ந்தனர். மூன்றாம் பைதனைப் புதியதொரு பதிப்பாகவன்றி வேறொரு மொழியாகவே அவர்கள் நடத்தினர். அதன் பெயர் ‘பைதன்3’. அதற்குரிய துணைநிரற் பொதிகள் யாவும் அம்முன்னொட்டைப் பெற்றன. ‘பைதன்’ என்னும் வெறும் பெயர் இரண்டாம் தலைமுறைக்கே விடப்பட்டது. ஒரே துணைநிரலுக்கு இரு பொதிகள் கட்டவேண்டிய சுமை இதனால் வந்தது. எனினும் பழைய நிரல் எதுவும் கேளாமல் புதிய மொழியின் கையிற் சிக்கவில்லை. ஆர்ச் லினக்ஸ் என்னும் தொகுப்பினர் இதற்கு மாறாக 2010 ஒக்ரோபரிலேயே வெறும் பெயரை மூன்றாம் பைதனுக்கு வழங்கிவிட்டனர். ஒரே முதல் வரி ஒரு தொகுப்பில் ஒரு மொழியையும் மற்றொன்றில் வேறு மொழியையும் சுட்டியமையால், எங்கும் ஓடவேண்டிய நிரலை எழுதுவோர் தடுமாறினர். 2011 இல் எழுந்த பெப் 394, அப்போதைக்கு வெறும் பெயர் இரண்டாம் பைதனையே சுட்டுக என்றும், நிரல் எழுதுவோர் ‘பைதன்2’ அல்லது ‘பைதன்3’ என எண்ணோடு எழுதுக என்றும் அறிவுரை கூறியது. பிற்காலத் திருத்தங்களில் அம்முடிவு தொகுப்பாளரின் விருப்புக்கு விடப்பட்டது. இஃது ஒருவகையில் தோல்வியை ஒப்புக்கொண்டதே எனலாம்.

ஏனைய தொகுப்புக்களின் வழிகளையும் சுருங்க நோக்கல் தகும். ரெட் ஹற் நிறுவனத்தின் நீண்டகால வெளியீடுகளில், யம் பழைய பைதனோடு பிணைந்திருந்தமையால் மொழியை உயர்த்த வழியில்லாதிருந்தது; அறியாது உயர்த்தியோர் பொதிகளை இடும் கருவியையே இழந்தனர். 2013 இல் அந்நிறுவனம் புதிய பதிப்புக்களைத் தனி அடைவில் ஒதுக்கிவைத்து, வேண்டும்போது மட்டும் அழைக்கும் முறையைக் கொணர்ந்தது. 2019 இல் வந்த அதன் எட்டாம் வெளியீடு, தொகுப்பின் கருவிகளுக்கென ஒரு பைதனைப் பயனாளர் கைபடாத இடத்தில் வைத்து, பயனாளருக்கு வேறு பைதனை அளித்தது. நெதர்லாந்தின் உற்றெக்ற் பல்கலைக்கழகத்தில் ஈல்கோ டொல்ஸ்ரா 2003 அளவில் தொடங்கிய நிக்ஸ் என்னும் முறைமை பொதுப்பெயர் என்னும் கருத்தையே நீக்கி, ஒவ்வொரு பொதியையும் அதன் ஆக்கத்திலிருந்து கணிக்கப்பட்ட நீண்ட குறியீட்டின்கீழ் வைத்தது. அங்கு எத்தனை பதிப்புக்களும் மோதாது வாழலாம். அறிவுக்கு இசைந்த தீர்வு அதுவே. ஆனால் பழைய கோப்பொழுங்கை அடியோடு விட்டுச் செல்ல ஏனையோர் உடன்படவில்லை.

டெபியனில் வேறொரு மோதலும் வளர்ந்துவந்தது. பயனாளர் பிப் என்னும் கருவியால் இணையத்திலிருந்து நேரே துணைநிரல்களைக் கொணர்ந்து, பொதி முறைமை வைத்த கோப்புக்களின் நடுவே இட்டனர். பொதி முறைமைக்குத் தெரியாமல் அதன் களஞ்சியத்தில் வேறொருவர் சரக்கு வைப்பது போன்றது இது. நிர்வாகி தாமே ஆக்கிக்கொண்ட பைதனும் தொகுப்பின் பைதனும் ஒரே அடைவிற் பொருள் தேடி மோதாதிருக்க, பைதன் 2.6 இலிருந்து டெபியன் தன் துணைநிரல்களை ‘சைற்-பக்கேஜஸ்’ என்னும் வழக்கமான அடைவில் வையாது ‘டிஸ்ற்-பக்கேஜஸ்’ என்னும் தனி அடைவில் வைத்தது. காரணம் அறியாதோர் இதனைக் காரணமற்ற மாறுபாடு என்று நெடுங்காலம் பழித்தனர். பயனாளன் தன் வேலைக்கெனத் தனிச் சூழலொன்றை அமைத்துக்கொள்ளும் வேர்ச்சுவல்என்வ் என்னும் கருவி 2007 இல் வெளிவந்தது. அக்கருத்தே 2012 இல் வந்த பைதன் 3.3 இல் மொழியோடு சேர்க்கப்பட்டது. எனினும் பலர் அவ்வழியை மேற்கொள்ளாது பழைய வழக்கத்திலேயே நின்றனர்.

இரண்டாம் பைதனின் முடிவு முதலில் 2015 ஆம் ஆண்டுக்குக் குறிக்கப்பட்டிருந்தது. நிரல்கள் மாறாமையால் 2014 இல் அது 2020 க்குத் தள்ளப்பட்டது. இறுதி வெளியீடாகிய 2.7.18 அவ்வாண்டு ஏப்ரலில் வந்தது. டெபியன் 2019 இன் பிற்பகுதியில் தொடங்கி, இரண்டாம் பைதனை வேண்டிநின்ற பொதிகளை ஒவ்வொன்றாக எடுத்து, திருத்தத்தக்கவற்றைத் திருத்தி, ஆளில்லாதவற்றை நீக்கியது. இவ்வேலையைச் செய்தோர் பெரும்பாலும் ஊதியம் பெறாத தொண்டர்கள். அவர்கள் நீக்கிய நிரல்களுட் சில, எங்கோ ஓர் ஆய்வுகூடத்தில் நாள்தோறும் பயன்பட்டுக்கொண்டிருந்தவை. 2021 ஆகஸ்டில் வந்த டெபியன் 11 இல் மொழி இருந்தது. அதன் துணைநிரல்களுட் பெரும்பாலன இல்லை. 2023 ஜூனில் வந்த டெபியன் 12 இல் மொழியும் இல்லை. அதே வெளியீட்டில், தொகுப்பின் பைதன் அடைவிற்குள் பிப் நுழையாதவாறு தடுக்கும் பெப் 668 நடைமுறைக்கு வந்தது. தடையை மீற விரும்புவோன் தன் கட்டளையிலே ‘முறைமையின் பொதிகளை உடை’ என்னும் பொருளுடைய சொற்றொடரைத் தானே எழுதவேண்டும் என்று பிப் கருவியார் வகுத்தனர்.

வெறும் பெயர் யாருக்குச் சென்றது என்பதே எஞ்சிய வினா. வழக்காடிய இருவருள் ஒருவர் மறைந்தபின் மற்றவருக்கே அது சேரும் என எதிர்பார்த்தோர் உளர். டெபியன் அதனை எவருக்கும் வழங்கவில்லை. 2020 இல் உபுண்டுவில் ‘பைதன்-இஸ்-பைதன்2’, ‘பைதன்-இஸ்-பைதன்3’ என இரு சிறு பொதிகள் தோன்றின. டெபியன் 11 உம் அவற்றை ஏற்றது. அவற்றுள் முன்னையது இரண்டாம் பைதனோடு ஒழிந்தது. பின்னையது 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 இலும் உள்ளது. அதனை நிறுவாத பொறியில் எண்ணின்றிப் ‘பைதன்’ என்று தட்டெழுதுவோனுக்கு, அப்பெயரில் கட்டளை எதுவும் இல்லை என்னும் மறுமொழியே கிடைக்கின்றது.